சால்வைக்கு முந்தைய நிமிடம்

மகளிர் குழுக்களுக்குக் கூட்டம் நடத்தவும் தீர்மானம் எழுதவும் பல வருடங்கள் சொல்லிக்கொடுத்தேன். அந்த வேலை குறைந்துபோன சமயத்தில், சென்னையிலிருந்து இயங்கும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு என்னைத் தேடி வந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் தன்னார்வலர்களுக்கு நான் பயிற்சி கொடுக்க வேண்டும். பருவநிலை மாற்றத்துக்காக இன்னதைச் செய்கிறேன் என்று அரசியல்வாதிகளின் வாயால் சொல்லவைப்பது அந்தத் தன்னார்வலர்களின் வேலை. மரக்கன்று கொடுக்கிற வேலை கிடையாது என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னார்கள். அதனால்தான் ஒப்புக்கொண்டேன். எங்கள் பக்கம் சுற்றுச்சூழல் என்று யாராவது பேச்செடுத்தால், கையில் ஒரு வேப்பங்கன்றைத் திணித்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி நடந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் அது எங்களுக்குக் கிடைக்கும். பாடம் சிறியது. உள்ளே போனதும் நாம் யார் என்று சொல்ல வேண்டும். நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரே ஒரு கோரிக்கை; அது ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பகுதிதான் யாருக்கும் வரவில்லை. எங்கள் ஊர்களில் மனு கொடுப்பவர்கள் எல்லோரும் "பாத்து செய்யுங்க" என்றுதான் முடிப்பார்கள். அதைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்லும் கடமை விட்டுப்போகிறது. "பாத்துக்கலாம்" என்று அவர் எழுந்துகொள்ளலாம். அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து எடுப்பதற்கே பயிற்சியின் பெரும்பகுதி போயிற்று.

ஒத்திகையில் பெரிய மனிதராக உட்கார்ந்தவர் லப்பைக்குடிக்காட்டுத் துணிக்கடைக்காரர். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, எந்த ஊரு? நம்மாளுங்கதானா?" என்பார். வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கடைசியில் "பாத்து செய்யுங்கய்யா" என்று கும்பிடுவார்கள். "செஞ்சிடலாம், டீ சாப்டுட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்புவார். "பாத்தீங்களா மேடம், நான் ஒண்ணுமே பண்ணல. அவங்களே என்னைய வுட்டுட்டாங்க."

ஜெயங்கொண்டம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவள். முந்தைய சித்திரையில் ஏரி வேலையின்போது அவளுடைய நாத்தனார் வெயிலில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிரோடு திரும்பவில்லை. அதே வேலைத்தளத்தில் இந்தப் பெண்ணின் அம்மாவும் மண் சுமந்துகொண்டிருந்தார். வருகைப் பதிவுக்காகக் காலையில் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். மதியத்துக்கு மேல் இன்னொரு படம். அந்த இரண்டாவது படத்தில் முகம் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. வேலை முடிந்துவிட்டாலும் படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். கோடையில் அந்தப் படத்தை முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்பது அவளுடைய கோரிக்கை. அடுத்த கோடைக்குள் நடக்க வேண்டும். அம்மா மறுபடியும் போவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒத்திகையில் அவள் கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தினாள். ஆனால் உதடு அசைந்தது.

"என்னம்மா, வாய் முணுமுணுக்குது?" என்றார் துணிக்கடைக்காரர்.

"பாத்து செய்யுங்கன்னு உள்ளாரயே சொல்லிக்கிட்டேங்க."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான்கைந்து முறை செய்தபின் உதடும் அசையவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். துணிக்கடைக்காரரே தடுமாறி, "சரிம்மா, பேசறேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி இருந்தார். ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவர். யாரைப் பார்க்க வேண்டுமானாலும் நேரம் வாங்கித்தருவது அவர்தான். அவருக்கு இந்தப் பாடம் பிடிக்கவில்லை.

"பெரிய மனுசன் முன்னால ஊமையாட்டம் நிக்கறது மரியாதையாங்க?"

"நிக்கல சார். உக்காந்துதான் இருப்போம்" என்றேன்.

"வெறுங்கையோட போறதும் நல்லா இல்ல. ஒரு சால்வையாவது வேணும்."

வேண்டாம் என்றேன். சால்வை போர்த்தினால் நாம் நன்றி சொல்ல வந்தவர்களாகிவிடுவோம், இன்னும் அவர் எதுவும் செய்யவில்லையே என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன்.

தேர்தலில் நிற்கப்போகிறவர் என்று எல்லோரும் பேசிக்கொண்ட ஒரு பிரமுகரைத் தை மாதத்தில் சந்தித்தோம். அரியலூரில், கடைகளுக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான், அவள், துணிக்கடைக்காரர், அதிகாரி என்று நான்கு பேர் போனோம். பேச வேண்டியது அவள் மட்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

அவள் பேசினாள். பருவநிலை என்ற சொல்லே அதில் வரவில்லை.

"ஐயா, போன சித்திரையில எங்க நாத்தனாரு ஏரி வேலையில வெயில் தாங்காம வுழுந்து செத்துப்போனாங்க. வெயிலு வருசத்துக்கு வருசம் ஏறிக்கிட்டே போவுது. இந்த வருசமும் எங்கம்மா அந்த வேலைக்குப் போவும். வெயில் காலத்துல ரெண்டாவது போட்டோவ பதினோரு மணிக்குள்ள எடுக்கச் சொல்லி நீங்க கலெக்டர்கிட்ட பேசுவீங்களா?"

நிறுத்திவிட்டாள்.

அவர் கையிலிருந்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். உதவியாளனைப் பார்த்தார், அவன் சுவரைப் பார்த்தான். "அம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். "அறுபது தாண்டிடுச்சுங்க" என்றாள். மறுபடியும் பேசாமல் இருந்தாள். ஒரு லாரி போயிற்று. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் இந்த வேலைக்கு வந்த பிறகு, ஒரு அரசியல்வாதி பதில் சொல்வதற்காக யோசித்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் வாய் திறந்தது.

அதற்குள் பிளாஸ்டிக் கவர் சலசலத்தது. அதிகாரி எழுந்து நின்று, பைக்குள்ளிருந்து சால்வையை உருவிவிட்டார். "ஐயாவோட பொன்னான நேரத்துல எங்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கினதுக்கு" என்று தொடங்கிப் போர்த்தினார். பிரமுகரின் முகம் சட்டென்று தெளிந்தது. பழகிய இடத்துக்குத் திரும்பிவிட்ட முகம். உதவியாளன் போனை எடுத்து எங்களை வரிசையாக நிற்கச் சொன்னான். அவள் உட்கார்ந்தே இருந்தாள். "எந்திரிம்மா, படத்துல வரல பாரு" என்று அதிகாரிதான் அவளை எழுப்பினார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "பாத்து செய்யுங்கய்யா" என்றார்.

"கண்டிப்பா பாத்துக்கலாம்" என்றார் பிரமுகர்.

படியில் இறங்கும்போது துணிக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். "சால்வை எங்க வாங்கினீங்க சார்? நம்ம கடையில சொல்லியிருந்தா, இன்னும் தடிமனா குடுத்திருப்பேன். அவரு வாயும் சேத்து மூடியிருக்கும்."

"நீங்க வியாபாரி, உங்களுக்குத் தெரியாது" என்றார் அதிகாரி. "மனுசன் சங்கடப்படறாரு. விட்டா கோவம் வந்திருக்கும். நாளைக்கு நாம திரும்ப அவருகிட்ட போகணும்ல?"

அவள் என்னைப் பார்த்து, "அவரு என்னங்க சொன்னாரு?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தான் எதையோ கவனிக்கத் தவறிவிட்டதாக நினைத்தாள். அவர் எதுவும் சொல்லவில்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்து நாளிதழின் உள்பக்கத்தில் படம் வந்தது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பிரமுகரைச் சந்தித்து வாழ்த்துப் பெற்றதாகச் செய்தி. அவளுடைய ஊரில் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டதாகப் பேசினார்கள். "எவ்வளவு குடுத்தாங்க?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்களாம். நான் பிரமுகரின் உதவியாளனுக்கு வாரம் தவறாமல் போன் செய்தேன். ஐயா வெளியூரில் இருக்கிறார் என்பான். கடைசியாகச் செய்தபோது, "அதான் அன்னைக்கே முடிஞ்சுதேங்க, பேப்பர்ல கூட வந்துச்சே" என்று வைத்துவிட்டான். ஆட்சியர் அலுவலகத்தில் நாங்களே மனு கொடுத்தோம். ரசீது தந்தார்கள்.

சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. தங்கள் அறிக்கையில் அந்தப் படத்தைப் போட்டு, மாவட்டத்தில் கிடைத்த முதல் அரசியல் ஆதரவு என்று எழுதியிருந்தார்கள். அவர் எதற்கும் சம்மதிக்கவில்லை என்று நான் விவரமாக எழுதி அனுப்பினேன். தொடக்கம் நல்லபடியாக அமைந்திருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த பயிற்சிக்கு அவளை அழைத்துவந்து அனுபவத்தைப் பேசச்சொல்ல வேண்டும் என்றார்கள். "சால்வை போத்தினது வரைக்கும் சொன்னா போதும் மேடம்."

சித்திரையில் ஒரு பிற்பகல் அவள் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது. இரண்டாவது படம் வழக்கமான நேரத்தில்தான் எடுக்கிறார்கள்.

"அம்மாவும் வந்தாங்களா?" என்றேன்.

"அனுப்பலீங்க. இந்த வருசம் நான் மட்டுந்தான். அது எங்கூட பேசி ஒரு மாசமாவுது."

அம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று மகள் சொன்னதும், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது? பேசறதுக்குச் சொல்லிக் குடுத்தவ?"

ஆமாம் என்றேன்.

"பேசிப்புட்டு வந்து என் வேலைக்கார்டப் புடுங்கி வச்சிக்கிட்டா. மாத்தரைக்கும் வெத்தலைக்கும் இப்ப இவகிட்ட கையேந்தறேன். போன வருசம் வெயிலு இருந்துச்சு, வேலையும் இருந்துச்சு. இந்த வருசம் வெயிலு அப்படியே இருக்கு. எவனும் நெழல் போடல. எம் மவதான் எனக்குப் போட்டா, இந்த வூட்டுக்குள்ள."

"ஏம்மா, அவங்கள ஏன்?" என்றாள் மகள்.

"அப்ப யாரக் கேக்கறது? பேப்பர்ல சால்வையும் கழுத்துமா நின்னானே, அவனையா? நீ கேட்டியே, சொன்னானா?"

மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். அடுத்த பயிற்சிக்கு வர முடியுமா என்று நான் கேட்கவில்லை. பஸ் இருக்கிற நேரத்தை அவளே சொல்லி, சாலைவரை கூட வந்தாள். வேலைத்தளத்தில் ஓலைப்பந்தல் போட யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அதற்கும் ஒரு மனு எழுத வேண்டியிருக்கும் என்றேன். "வுடுங்க" என்றாள்.

சென்னைக்குப் போன் செய்து, அவள் வரமாட்டாள் என்று சொன்னேன். அன்று கூட இருந்த வேறு யாராவது பேசுவார்களா என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி பேசுவார் என்றேன். அவர் என்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்கள்.