மருதாயி அக்கா தோணி ஏறிய நாள்

மருதாயி அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அக்கா மேல் அல்ல. காலித் துறைமுகத்தில் அன்றைக்கு நடந்ததை நினைத்துத்தான். நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

நிவித்திகலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். மருதாயி அக்காவின் மகள் ஷாமிளாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் அக்காவுக்கு நானும் ஒரு மகள் மாதிரி. திட்டுவதிலும் அப்படித்தான், குறை வைக்கமாட்டார்.

அக்கா பிறந்தது எங்கள் மூன்றாம் லயத்து வரிசைவீடு ஒன்றில். அவருடைய அம்மா பிறந்ததும் அதே லயத்தில்தான். பதினெட்டு வயதில் பெயர் பதிந்து மலைக்குப் போனவர், ஐம்பது தாண்டியும் போய்க்கொண்டிருக்கிறார். புருஷன் இராமசாமி அண்ணன் வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவார். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலோ பிரதேச செயலகத்திலோ யாருக்காவது காரியம் ஆக வேண்டுமென்றால் அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஒருமுறை கலவானையிலிருந்து வரும்போது பஸ்ஸில் இடத் தகராறு. முன்னால் நின்ற ஒரு ஆள், அக்காவின் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "கள்ளத்தோணி" என்றான், இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்தவள் என்று. வந்த தோணியிலேயே திரும்பிப் போகச் சொன்னான். அக்கா சிங்களத்தில் விட்ட டோஸில் அவன் அடுத்த ஹோல்ட்டில் இறங்கிக்கொண்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் லயத்துக்கு வந்த பிறகு அக்காவின் முகம் சரியில்லை.

"ரோஷானி, என் அம்மாவுக்கு அம்மாவக் கூட இந்தத் தோட்டத்துலதான் பொதைச்சிருக்கு. நான் கடலையே பாத்ததில்லடி. தோணி எப்படி இருக்கும்னு படத்துல பாத்ததுதான். என்னப் போயி தோணியில வந்தவங்கறான்."

அந்தப் பேச்சு அக்காவின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் தோட்டத்தை நடத்துகிற துரை அந்த அறிவிப்பைச் செய்தார்.

ஒரு வருஷம் ஒரு பேர்கூட விடாமல் வேலைக்கு வருகிற பெண்களைக் காலிக்குச் சுற்றுலா கூட்டிப் போவார்களாம். எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் வேலை. நேரத்தோடு வந்து முழு நாளும் நின்றால் முழுப் பேர், பாதியில் போனால் அரைப் பேர். பரிசு இதுதான்: காலையில் கோட்டையைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டி, மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு, பின்னேரம் படகில் கடற்கரை ஓரமாக ஒரு சுற்று. படகு என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்துவிட்டார்.

அந்த வருஷம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். காய்ச்சலோடு மலை ஏறினார். அட்டை கடித்த கால் வீங்கிப் புண்ணாகிப் போய், துணி சுற்றிக்கொண்டு ஏறினார். ஷாமிளாவுக்குத் தலைப்பிரசவம், இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வலியில் துடிக்கிறாள் என்று போன் வந்தபோது அக்கா மலையில் இருந்தார். பின்னேரக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். போய்ச் சேரும்போது பேத்தி பிறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஷாமிளா ஒரு மாதம் தாயோடு சரியாகப் பேசவில்லை. ஒரு மனுஷி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது எதற்காக? ஒரு படகுச் சவாரிக்காக. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆசைப்பட்டதை உழைத்துச் சம்பாதித்தார், அவ்வளவுதான்.

போகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரிசுக்குரிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், நல்ல சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, விடிய முன்பே ரோட்டில் நின்றோம். கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர் இருந்ததால் துரை என்னையும் போகச் சொல்லியிருந்தார். பஸ் வந்தது. ஏறிப் பார்த்தால் முன்பாதி முழுக்க ஆட்கள். எங்கள் பெரிய கிளாக்கர் இந்திரகுமார், அவர் மனைவி பிள்ளைகள், மனைவியின் தங்கை குடும்பம், ஒபிஸில் வேலை செய்கிற மற்றவர்களின் வீட்டார்.

"பஸ்ஸுல இடம் சும்மாதானே கெடக்கு, அதான்," என்றார் கிளாக்கர்.

சும்மா கிடந்த இடம் முன்னால் மட்டும் கிடந்தது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால், சில்லுக்கு மேலே தூக்கித் தூக்கிப் போடுகிற இடத்தில் நாங்கள். ஹினிதும மலைப்பாதை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி. அக்கா மட்டும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "கடல் எந்தப் பக்கம் வரும்?" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

காலிக் கோட்டை வாசலில் வழிகாட்டி முக்தார் காத்திருந்தார். கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் கிளாக்கரின் சகலனோடு வந்த சிங்களச் சிநேகிதர்களுக்காகச் சிங்களத்தில் விளக்கச் சொல்லிவிட்டார்கள். பரிசு யாருக்கு என்பது அப்போதே மறந்துபோயிற்று. எங்களுக்கும் கொஞ்சம் சிங்களம் விளங்கும் என்பது வேறு கதை.

முக்தார் நன்றாகத்தான் சொன்னார். வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருந்த சேவலைக் காட்டினார். போர்த்துக்கேயர் கப்பலில் வந்தார்கள், ஒல்லாந்தர் கப்பலில் வந்தார்கள், இங்கிலீஷ்காரன் கப்பலில் வந்தான், அரபு வியாபாரிகள் அவர்களுக்கெல்லாம் முன்னமே கப்பலில் வந்தார்கள். ஒவ்வொருவர் பெயரைச் சொல்லும்போதும் ஒரு கட்டடத்தைக் காட்டினார். தேவாலயம், கிடங்கு, வெளிச்சவீடு. கிளாக்கர் வீட்டார் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.

அக்கா கையைத் தூக்கினார். "தம்பி, கப்பல்ல வந்த எல்லாரையும் பெருமையா சொல்றீங்க. எங்க ஆளுங்க எந்த வாசலால வந்தாங்க?"

முக்தார் சங்கடப்பட்டார். தமிழுக்கு மாறினார். "உங்கட ஆக்கள் இந்தப் பக்கத்தால வரல்ல, தாத்தா. கூடுதலா மன்னார்ப் பக்கத்தால வந்து, காட்டு வழியா நடந்து வந்த. அவங்கட பேர்ல ஒரு கட்டடமும் இல்ல."

அவருடைய ஆட்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தார். "சரித்திரம் படிக்கவா வந்தோம்? நேரமாகுது, நடங்க," என்று கிளாக்கர் விரட்டினார்.

கோட்டை மதிலில் ஏறியபோதுதான் அக்கா கடலை முதன்முதலாகப் பார்த்தார். என்ன சொல்வாரோ என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "கரையே தெரியலியே. இதத் தாண்டித் திரும்பிப் போகச் சொல்றானுங்களா?" என்றார். குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்து துறைமுகத்துக்குப் போனோம். வெள்ளைப் படகு ஒன்று மேடையோரம் ஆடிக்கொண்டு நின்றது. அங்கேதான் நாங்கள் அந்தப் பிழையை விட்டோம். வேறு யாரும் விடமாட்டார்கள், எங்கள் தோட்டத்துப் பெண்கள் மட்டுமே விடக்கூடிய பிழை.

தினமும் விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நாங்கள் வரிசையாக நிற்போம். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகுதான் மலைக்குப் போகலாம். கூப்பிடாமல் போனால் ஏச்சு, பேரும் விழாது. இதிலேயே ஆயுள் முழுக்கப் பழகிய கால்கள் துறைமுகத்திலும் அதையே செய்தன. யாரும் சொல்லாமலே பெண்கள் ஒரு ஓரமாக, உயரம் குறைந்தவர்கள் முன்னால், வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். அக்காவும்தான். பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள்.

ஒபிஸ் வீட்டார் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். படகோட்டி எங்களைக் காட்டி, இவர்கள் வரவில்லையா என்று கேட்டான். கிளாக்கர் திரும்பி எங்களைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: "அவங்களுக்குத் தண்ணியென்றால் பயம். போதும், போவோம்."

படகு போய்விட்டது. எங்கள் கண்முன்னாலேயே போனது. வரிசை கலையவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். படகு போன பிறகும் அந்தப் பெண்கள் வெயிலில் வரிசையாகவே நின்றார்கள்.

முக்தார் எங்களோடு கரையில் இருந்தார். அவருக்கும் முகம் கறுத்துவிட்டது. "தாத்தா, யோசிக்க வேணாம். தோட்டத்தால ரெண்டு சுத்துக்குப் பேசித்தான் ஈக்கிது. படகு திரும்பி வந்தோன நீங்க ஏறலாம்," என்றார். அக்கா தலையாட்டினார். மேடை விளிம்பில் உட்கார்ந்து படகு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு திரும்பி வந்தது. கிளாக்கர் தொப்பியோடு இறங்கினார். "எல்லாரும் பஸ்ஸுக்கு நடங்க. இருட்டுறதுக்குள்ள ஹினிதும தாண்டணும்."

"ஐயா, நாங்க இன்னும் போகலீங்களே," என்றார் அக்கா. அப்போதும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அப்பவே ஏறியிருக்கணும். நீங்கதானே ஏறாம நின்னீங்க. யாராவது கையப் புடிச்சா இழுத்தாங்க?"

அக்கா எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். பஸ்ஸில் அந்த ஆளை இறக்கிவிட்டாரே, அதே முகம்.

"ஏறாம நின்னோமா? பேர் கூப்பிடாம ஒரு அடி வச்சா விரட்டுறது யாரு? நீங்க. வரிசையில நிக்கக் கத்துக் குடுத்தது யாரு? நீங்க. இப்ப வரிசையில நின்னதுதான் எங்க குத்தமா? தண்ணின்னா பயமாம். யார்கிட்ட கேட்டீங்க? இந்தப் படகுக்காக என் மக புள்ள பெத்தப்பகூட பக்கத்துல இல்லாமப் போனவ நான். உங்க மச்சினிச்சி எந்த மலையில கொழுந்து எடுத்தா, சொல்லுங்க பாப்போம்!"

துறைமுகமே திரும்பிப் பார்த்தது. கிளாக்கர், "மருதாயி, வாய அடக்கு, நாளைக்குத் தோட்டத்துக்கு வரணும் நீ," என்றார்.

அக்கா அவரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். படகின் பலகை ஓரம் போய் நின்று, கணக்கப்பிள்ளையைப் போலவே இடுப்பில் கை வைத்து, தொண்டையைத் திறந்தார்.

"விஜயகலா!"

விஜயகலாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, "இருக்கேங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிப் போய்ப் படகில் ஏறினாள்.

"மரியாயி!"

"இருக்கேன்!"

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பின்னால் நின்றவர்கள் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. பட்டியலிலேயே இல்லாத என்னையும், "ரோஷானி! புள்ளயத் தூக்கிக்கிட்டு ஏறு!" என்று கூப்பிட்டார். படகோட்டி சிரித்துக்கொண்டே கை கொடுத்து ஏற்றினான். முக்தார் எல்லோருக்கும் மிதவை அங்கி மாட்டிவிட்டார்.  இரண்டு சுற்றுக்குப் பேசி முடித்த படகு என்று கிளாக்கரின் காதுபடச் சொல்லியும்விட்டார். தடுக்க அவருக்கு வழியில்லை.

எல்லோரும் ஏறிவிட்டோம். மேடையில் அக்கா மட்டும். ஏறுவார் என்று பார்த்தால் அவர் அசையவில்லை. கிளாக்கரை நேராகப் பார்த்தார்.

"எல்லார் பேரையும் நான் கூப்பிட்டேன். என் பேரை நீங்க கூப்பிடுங்க."

"என்ன வெளயாட்டு இது?"

"வெளயாட்டு இல்லீங்க. நின்னா ஏறாம நின்னேன்னு சொல்லுவீங்க, கூப்பிடாம ஏறினா நாளைக்கு ஏறினது தப்புன்னு சொல்லுவீங்க. கூப்பிடுங்க. இல்லாட்டி நாங்க பஸ்ஸுக்கு வரல."

பஸ்ஸில் அவருடைய குழந்தைகள் பசியில் அழத் தொடங்கியிருந்தன. மனைவி ஜன்னலால் எட்டி, "கூப்பிட்டுத் தொலைங்களேன்!" என்றாள். கிளாக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க. பிரட்டுல கூப்பிடுற மாதிரி."

"மருதாயி!" என்று கத்தினார் கிளாக்கர். மீன் கூடையோடு நின்றவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

"இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அக்கா ஏறினார்.

துறைமுகம் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. ஹினிதும வளைவில் அசையாத மனுஷி, கடலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். படகோட்டி பாவப்பட்டு, திருப்பட்டுமா என்று கேட்டான்.

"திருப்பக் கூடாது," என்றார் அக்கா சிங்களத்தில். "அவங்களை எவ்வளவு தூரம் கூட்டிப் போனியோ, அவ்வளவு தூரமும் போ."

போனோம். கோட்டை மதிலும் வெளிச்சவீடும் சிறிதாகிக்கொண்டே வந்தன. கரையில் கிளாக்கர் ஒரு புள்ளியாக நின்றார். அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தார்.

"ரோஷானி, இனி எவனாவது என்னக் கள்ளத்தோணின்னு சொல்லட்டும், நீ சாட்சி சொல்லணும். நான் தோணி ஏறுனது இன்னிக்குத்தான். அதுவும் களவா ஏறல. ஊரே கேக்க என் பேரச் சொல்லிக் கூப்பிட வச்சு ஏறுனேன்."