செங்கோல் ஏந்திய கை

மார்ச் மழையில் நனைந்த குடைகள் தேவாலய வாசலில் குவிந்து கிடந்தன. லண்டன் சிட்டியின் அந்தச் சிறிய வார்டு, ஆண்டுக் கூட்டத்துக்காக உள்ளே உட்கார்ந்திருந்தது. கறுப்பு அங்கியும் முக்கோணத் தொப்பியுமாகக் கதவோரம் நின்றார் கிளைவ் ரட்கின்.

மீன் சந்தையில் பெட்டி சுமந்து உரமேறிய உடம்பு. ஓய்வுக்குப் பிறகு வார்டின் பீடில், அதாவது கட்டியக்காரர், ஆனார். வெள்ளிச் செங்கோலுடன், வார்டின் தலைவியான ஆல்டர்மன் அம்மையாருக்கு முன்னே நடப்பார். கூட்டத்தைக் கூவித் தொடங்குவார், கூவி முடிப்பார். அந்தப் பதவிக்கு ஆள் வைப்பதும் இதே கூட்டம்தான், வருடா வருடம் கைதூக்கி. தன்னை வீட்டுக்கு அனுப்பக்கூடியவர்களைத் தானே கூவி அழைக்க வேண்டும்.

இலையுதிர்காலத்திலிருந்து வலக்கை நடுங்கியது. டாக்டரிடம் போகவில்லை. குளிர் என்று மனைவி நோராவிடம் சொல்லிவைத்திருந்தார். காலையில் அவருடைய பொத்தான்களைப் போட்டுவிட்டபடி அவள் கேட்டாள்: "குளிருன்னா ரெண்டு கையும்ல நடுங்கணும்?"

குரல் கைவிடவில்லை, கணீரென்று கூவினார். ஆனால் செங்கோலை மேசைமேல் இருந்த மரத் தாங்கியில் வைத்தபோது, வெள்ளி டகடகவென்று மரத்தில் அடித்தது. எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்பியதாக அவருக்குத் தோன்றியது.

பீடில் தேர்தல் வந்தது. கிளைவே தொடரட்டுமா, யாருக்காவது மறுப்பு உண்டா என்று ஆல்டர்மன் கேட்டார். முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. சலவைக்கடை ஹேசல்.

"மறுப்பெல்லாம் இல்ல, மேடம். அந்தத் தாங்கிக்கு ஒரு கெட்டித் துணி தைச்சுத் தர்றேன். அவர் கை நடுங்குறத நவம்பர் ஊர்வலத்துலயே எல்லாரும் பாத்தாச்சு. சத்தமாவது கேக்காம இருக்கட்டும்."

மெல்லிய சிரிப்பு. பிறகு அவரே தொடரட்டும் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன.

பதவி தங்கிவிட்டது. பயம் விலகவில்லை, பெருத்தது. ஒரு கையாவது எதிர்த்திருந்தால் இந்தப் பாரத்தை இறக்கி வைத்திருக்கலாமே என்று முதன்முறையாக நினைத்தார். இனி இன்னொரு வருடம். ஈரக் கல்படிகள், ஊர்வலங்கள், பார்த்துக்கொண்டே இருக்கும் கண்கள்.

கூட்டத்தைக் கூவி முடித்து, செங்கோலை இரு கைகளாலும் இறுக்கித் தூக்கினார். ஆல்டர்மன் பின்னாலிருந்து தணிந்த குரலில் சொன்னார்: "மெதுவாவே நடங்க, கிளைவ். எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல."

வாசலில் நோரா குடையோடு நின்றிருந்தாள். செங்கோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட போலாம், நோரா. பயமா இருக்கு."