சரசரக்கும் மழைக்கோட்டு

மகளுக்கு வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டு அவள் அசையும்போதெல்லாம் சரசரத்தது. குன்னூர் கடைத்தெருவிலிருந்து வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு கூடம் முழுக்க ஓடினாள். மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்த என் கணவர், "அத ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோக முடியாதும்மா. சத்தம் வராத துணியாத்தான் எடுத்துட்டு வரோணுமாம். யானை கிட்ட நிக்கறது காதுல விழோணுமில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அத்தையின் பிளாஸ்டிக் படங்கு நினைவுக்கு வந்தது.

சில வாரங்களாக எங்கள் வீட்டில் இதே பேச்சு. கென்யாவா, போட்ஸ்வானாவா, தென்னாப்பிரிக்காவா? கென்யாவில் ஒரு சிங்கத்தைச் சுற்றி ஜீப்புகள் வரிசை கட்டும் என்று அவர் தள்ளிவிட்டார். அவர் மனம் போட்ஸ்வானாவில் இருந்தது. வேலி கிடையாது, வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்தே போகலாம். குழந்தையை நடக்க விடமாட்டார்கள். நானும் அவளும் கூடாரத்தில் காத்திருக்க வேண்டும். நான் தென்னாப்பிரிக்காவில் ஒரு காப்பகத்தைச் சொன்னேன். மலேரியா இல்லை, தங்குமிடத்தைச் சுற்றி மின்வேலி உண்டு. சொல்லிவிட்டு, அவர் ஆசையைக் கெடுக்கிறேனோ என்று மருகவும் செய்தேன். "சேரம்பாடிக்காரி நீயே பயந்தா எப்படி? உங்க ஊட்டு வாசல்லயே யானை நிக்குமே" என்பார். அத்தையை யானை அடித்தது அவருக்குத் தெரியும். எப்படி என்று கேட்டதில்லை.

அம்மா இல்லாத என்னை வளர்த்தவர் அத்தை, அப்பாவின் அக்கா. சிறுவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, சேரம்பாடி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். தொழிலாளர்களின் லைன் வீட்டைக் கடைசிவரை லயம் என்றே சொன்னார். கொழுந்து பறிக்கும் பெண்கள் பனியும் முள்ளும் படாமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள்தான் படங்கு. காட்டோரத்து வரிசை வந்ததும் அத்தை அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். சேலை நனைந்து முழங்காலில் ஒட்டும். "கட்டிக்கிட்டா காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்குடி புள்ள. பெரியவரு மூங்கில ஒடிக்கிறது கேக்காது. நனஞ்சா காயும்" என்பார். யானையை அவர் யானை என்று சொன்னதே இல்லை. "அக்காவுக்குப் பெரியவரு மேல ஒரு கண்ணு, அதான் காதத் தீட்டிக்கிட்டு நிக்குது" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "ஆமாண்டி, வந்தா ஒனக்கும் சேத்துப் பேசி முடிக்கிறேன்" என்பார் அத்தை.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எஸ்டேட் பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். கொழுந்து பறிப்பதை அவர்கள் படம் எடுப்பார்கள் என்று எல்லாப் பெண்களுக்கும் ஒரே நீலத்தில் கெட்டியான புதுத் தாள் வந்தது. யானை அடித்த அன்றும் அத்தை காட்டோரத்தில் வழக்கம்போல முடிச்சில் கை வைத்திருக்கிறார். "அவுக்காதீங்கக்கா, விருந்தாளிங்க வர்ற நேரம். எல்லாரும் ஒண்ணுபோல இருக்கணும்" என்றிருக்கிறார் சூப்பர்வைசர். அத்தை கையை எடுத்துவிட்டார். பக்கத்து வரிசைப் பெண் பிறகு அழுதுகொண்டே சொன்னாள், யாருக்குமே எதுவும் கேட்கவில்லை என்று. அத்தனை தாளும் சேர்ந்து மழைபோல இரைந்துகொண்டிருந்ததாம்.

மறுநாள், அத்தையை எடுத்துப் போன பிறகு, லயத்து வாசலில் ஒரு ஜீப் நின்றது. பங்களா விருந்தாளி ஒருவர் தலையை நீட்டி, "யானை எந்தப் பக்கம் போச்சுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நடந்ததை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் கையை நீட்டி வழி காட்டினார். கேட்டவரை எப்போதோ மறந்துவிட்டேன். காட்டிய கையை இன்னும் மன்னிக்க முடியவில்லை. கேட்டதும் நீண்டு பழகிய கை அது. என் கையும் அப்படிப்பட்டதுதான். ஒரே மாதத்தில் பங்களாவைச் சுற்றி மின்வேலி வந்தது. லயத்துக்கு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர், "செரி, உன்ர இஷ்டம். வேலி இருக்கற எடத்துக்கே போலாம்" என்று இறங்கி வந்தார். நான் கேட்டதும் அதைத்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஏனுங்க, எங்கயும் வேண்டாங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "அது ஆச்சேம்மா ரொம்ப வருசம்" என்றார். மறுபடி மடிக்கணினியைத் திறந்தார். போட்ஸ்வானாவுக்கு ஒருவருக்குத்தான் பதிவு செய்தார்.

மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்க மகளோடு கடைக்குப் போனேன். "கிழிஞ்சிருச்சுங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க. சத்தம் வருது."

"மழைக்கோட்டுன்னா பேசத்தான் செய்யுமுங்க. நீங்க காதுல வாங்காம இருந்துக்கோணும்" என்று சிரித்தபடி எடுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஏறும் வழியில் தேயிலைச் சரிவை ஒட்டித் தூறல் பிடித்தது. மகள் என் கையை இழுத்தாள். "நனையறேம்மா."

"நனஞ்சா காயும்" என்றேன். சரிவுக்கு மேலே காடு தொடங்கும் இடத்தைப் பார்த்தபடி நடந்தேன்.