கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றேன்

"இயேசப்பா வந்து உன்ன மட்டும் கூப்ட்டா, போயிடுவியாம்மா?"

என் ஐந்து வயது மகள் கேட்டாள். நானும் ஏதோ சொன்னேன். ஆனால் சரியான பதில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆரணியில் எங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகிற வீடு எங்களுடையது மட்டும்தான். ஈஸ்டர் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் மகளுக்குப் பரமேறுதல் பாடம் நடந்தது. இயேசு மேகத்துக்குள் ஏறிப்போனார், அப்படியே திரும்பி வருவார், எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஒரே வீட்டில் ஒருவரை எடுத்துக்கொள்வார், இன்னொருவர் விடப்படுவார். நானும் சின்ன வயதில் இதையெல்லாம் கேட்டவள்தான். அப்போது பயந்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

மறுநாள் காலை பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரர்கள் பாவு நீட்டியிருந்தார்கள். சேலையின் நீளவாட்டுப் பட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிட்டிருந்தார்கள். திடீரென்று தூறல். "மழ வருது, ஜல்தி வாங்க!" என்று கூச்சல். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவதுதான் இங்கே வழக்கம். பாவுக்குப் பக்கத்தில் யாரும் செருப்போடு போவதில்லை. என் கணவர் தறியிலிருந்து எழுந்து ஓடினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். எழுப்பித் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

திரும்பி வந்தபோது நடுத்தெருவில் நனைந்துகொண்டு நின்றிருந்தாள். வீட்டில் ஃபேன் ஓடுகிறது, எங்கள் இருவர் செருப்பும் வாசலில் கிடக்கிறது, பக்கத்து வீடுகளிலும் ஆள் இல்லை. அவள் எங்களை அங்கே இங்கே தேடவே இல்லை. வானத்தை அண்ணாந்து பார்த்து, "அம்மா, எறங்கி வா! அம்மா, எறங்கி வா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அடி கண்ணு, உங்கம்மா எங்க போயிடப் போறா? எங்ககூட பாவு சுத்திகினு இருந்தா. அவ வெயிட்டுக்கு மேகம் தாங்குமாடி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் நான் குளிக்கப் போனால்கூட கதவுக்கு வெளியே நின்று, "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் ஒருநாள் அந்தக் கேள்வி வந்தது. தலை பின்னிக்கொண்டிருந்த நான் யோசிக்காமல் சொன்னேன். "போகமாட்டேன். அவரே கூப்ட்டாலும் வரமாட்டேன்னு சொல்லிடுவேன்."

அன்றோடு கதவுக்கு வெளியே நிற்பது நின்றது. என் நிம்மதியும் அன்றோடு போனது. வாரந்தோறும் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே சீக்கிரம் வாரும் என்று ஜெபிக்கிறவள் நான்.

கணவரிடம் சொன்னேன். "கொழந்தகிட்ட சொன்னதுதானே, வுடு. அதுகூடவா அவருக்குப் புரியாது?" என்றார்.

போன ஞாயிறு, ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற கல்லூரிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இயேசப்பா வருகைக்கு யார் யாரெல்லாம் ரெடின்னு கேட்டேன்க்கா. எல்லாரும் கை தூக்கினாங்க. உங்க பொண்ணு மட்டும் எழுந்து, 'நானும் எங்கம்மாவும் வரல மிஸ்'னு சொல்லிட்டா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

வியாழக்கிழமை பரமேறுதல் பண்டிகை ஆராதனை. மகளும் என்னோடு வருவாள். அதற்குள், அன்று சொன்னது தப்பு, அவர் கூப்பிட்டால் அம்மா போகத்தான் வேண்டும் என்று சொல்லட்டுமா? சொன்னால் பயம் திரும்ப வரும். சொல்லாவிட்டால், பிள்ளையைப் பொய்யில் தூங்கவைக்கிறேனோ என்று உறுத்துகிறது. இல்லை, அவள் வளரட்டும் என்று காத்திருக்கலாமா? சின்னப் பிள்ளைகளை வளர்த்தவர்கள், இதே பயத்தோடு வளர்ந்தவர்கள், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.