சகலை ஊருக்குப் போன நர்ஸ்

என் சகலையைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். மறைக்க என்ன இருக்கிறது? என் மனைவியின் அக்காவைக் கட்டியவன். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அவன் ஊர் பைல் நாட்டில், என் ஊர் தேவனூர் நாட்டில். அவனும் ஒன்றியக் குழு மெம்பர், நானும் மெம்பர். அவன் கொடியில் மிளகு காய்த்தால் மாமியார் வீடு முழுக்க அதே பேச்சு. என் கொடியில் காய்த்தால் மழை நல்ல மழை என்பார்கள்.

நாங்கள் மெம்பராக இருந்த கடைசி வருஷம், மலைக்கு இன்னும் ஒரு நர்ஸை வைக்க நிதி ஒதுக்கலாம் என்று ஒன்றியக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஊர்ப் பொதுக் கட்டடம் ஒன்றைப் பழுது பார்த்து அவரை அங்கேயே தங்கவைப்பார்களாம். ஒரே ஓர் ஊருக்குத்தான். பேசிப் பேசிக் கடைசியில் மிஞ்சியது எங்கள் ஊரும் சகலை ஊரும்.

என் மனைவி அப்போது ஆறு மாசம். செருப்பு ஏறாத அளவுக்குக் கால் வீக்கம். மூத்த மகள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஜீப்பிலேயே பிறந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம். இந்தத் தடவை பக்கத்தில் நர்ஸ் இருந்தே ஆக வேண்டும். அதுவும் என் ஊரில் இருக்க வேண்டும்.

டாக்டரும் ஒன்றியத் தலைவரும் ஒரே நாளில் இரண்டு ஊரையும் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நல்ல ஊருக்குத்தானே நல்லது செய்வார்கள்? நான் ஊரையே தலைகீழாக்கிச் சுத்தம் செய்தேன். விருந்தாளி வரும்போது வீட்டு நோவைக் காட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஓயாமல் இருமிக்கொண்டிருந்த பெரியவரைத் தோட்டத்துக் கொட்டாய்க்கு அனுப்பினேன். மனைவியிடம், "உங்கக்கா ஊட்டுக்குப் போயிட்டு சாயங்காலமா வா புள்ள. இந்தக் காலோட வாசல்ல நின்னா ஊருக்கே அசிங்கம்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பஸ் ஏறினாள்.

வந்தவர்களுக்குச் சாமைச் சோறும் மிளகு தூக்கலான நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டோம். "ஊரு ரொம்ப சுத்தமா இருக்குதுங்க. எல்லாரும் ஆரோக்கியமா இருக்கீங்க" என்றார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்ட நாள் வந்தது. இலவசச் சட்ட உதவி முகாம் பற்றிய பேச்சை வழக்கம்போல அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டு நர்ஸ் விஷயத்தை எடுத்தார்கள். டாக்டர் எழுந்தார்.

"தேவனூர் நாட்டு ஊர்ல ஒரு குறையும் இல்லைங்க. பைல் நாட்டுல நாங்க போய் எறங்குனதுமே, மாசமா இருக்கிற ஒரு பொண்ண முன்னால உக்கார வெச்சாங்க. ரெண்டு காலும் வீங்கிக் கெடக்குது, பிரஷரும் அதிகம். மாத்திரை குடுத்துட்டு வந்தேன். மொதக் கொழந்தை ஜீப்புலயே பொறந்துச்சாம். நர்ஸ் அங்கதான் வேணும்."

அடப்பாவி! ஜீப்பில் பிறந்தது என் மகள். அந்தக் கால் என் பெண்டாட்டியின் கால்! கை தூக்கச் சொன்னார்கள். சகலையின் கைதான் முதலில் எழும்பியது. என் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "எவன் ஊருக்காக நீ போய் உக்காந்த?"

"போன்னு அனுப்புனது நீங்கதானுங்க. அக்கா ஊட்டு மாமா என் காலப் பாத்துப் பயந்துட்டாரு. நீங்க அசிங்கம்னீங்க."

என் பெண்டாட்டியின் காலைப் பார்த்துப் பயப்பட அவன் யார்? பயப்பட நான் இல்லையா?

நர்ஸ் அங்கே வந்து தங்கினார். ஒன்பதாம் மாசம் மனைவி மூத்தவளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருநாள் காலையில் நர்ஸ் பிரஷர் பார்த்திருக்கிறார். பார்த்த கையோடு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். நான் மிளகு பறிக்க ஏணிமேல் நின்றிருந்தேன், போனில் சிக்னல் இல்லை. சேதி கிடைத்து விழுந்தடித்துக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சகலை என் மகனைத் துண்டில் சுற்றி ஏந்திக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தான். எனக்கு முன்னால் அவன் பார்த்துவிட்டான்.

"புடிங்க சகல. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க" என்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். அவன் பக்கம் திரும்பாமலே வார்டுக்குள் போனேன்.

மூன்று மாசம் கழித்துக் கூப்பிடப் போனேன். மூத்தவள் சகலையின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பையன் அவன் மடியில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கெளம்பு புள்ள. ஊடு வெறிச்சுனு கெடக்குது."

அவள் பையனைத் தூக்கி, தொடையில் நர்ஸ் ஊசி போட்ட இடத்தை மெல்லத் தடவினாள்.

"வாரேனுங்க. மறுக்காவும் விருந்தாளி வந்தா, எங்கள எங்கீங்க அனுப்புவீங்க?"

சகலை மூத்தவளைத் தோளில் வைத்தபடியே சத்தமில்லாமல் வெளியே போனான், நான் பதில் சொல்லட்டும் என்று. அந்த நாகரிகத்தையும் என்னால் பொறுக்க முடியவில்லை.