தோட்டத்து முகவரிக்கு போஸ்ட்பெய்டு கிடையாதாம்

இன்று சுங்கைப் பட்டாணியில் ஒரு போன் கம்பெனியின் கடைக்கு போஸ்ட்பெய்டு லைன் எடுக்கப் போனேன். காடிக் கடனை, அதாவது கார் வாங்கிய கடனை, ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி முடித்தவள் நான்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ரிஜெக்ட் ஆயிருச்சு லா, அக்கா. தோட்டத்து அட்ரஸ்னா சிஸ்டம் எடுக்காது."

"கடன் ஒழுங்கா கட்டுனது அதுல தெரியலையா?"

"அதெல்லாம் கிளியர்தான் கா. டவுன் பக்கம் தாமான் வீடுகள்ல சொந்தக்காரங்க இருந்தா அவங்க அட்ரஸ் குடுங்க, பாஸ் ஆயிரும்."

"பொய் சொன்னா குடுப்பீங்க, உண்மைய சொன்னா இல்லையா?"

என் ஐசி அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பீடோங்கில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் பின்னாலேயே அதே கம்பெனியின் டவர் நிற்கிறது. அதை நட வந்தபோது மட்டும் எங்கள் அட்ரஸ் எப்படிக் கிடைத்ததாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.