சண்டைக்கு வரவேண்டிய ஆள்

பழைய புத்தகங்களை இணையத்தில் ஏற்றும் ஒரு நூலகத்துக்கு நான் பிழை பார்க்கிறேன். கிளிநொச்சியில், என் வீட்டு மேசையில்தான் வேலை. எங்களுக்கு ஒரே சட்டம்: தட்டெழுதியவர் விட்ட பிழையைத் திருத்தலாம், எழுதியவரின் எழுத்தில் கைவைக்கக் கூடாது. அவர் எப்படி எழுதினாரோ அப்படியே இருக்கவேண்டும். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவள். கொச்சையை எல்லாம் சுத்தமாக்கிவிட்டேன் என்று பெருமையடித்த ஒருவரை, எழுதினவர் வந்து கேட்கமாட்டார் என்ற துணிச்சல்தானே என்று போனிலேயே ஏசியிருக்கிறேன்.

போன வருடம் கைக்கு வந்தது, துணுக்காயில் காடு வெட்டிக் குடியேறிய ஒரு மலையகக் குடும்பத்தின் கதை. எழுதியவரும் அப்படி வந்தவர்தான். அவர் எழுதியது அந்த ஒரு புத்தகம். கெணறு, கெழங்கு, வெறகு என்று தன் தாய் பேசிய மாதிரியே எழுதியிருந்தார். முதல் வரியே கெணறு வெட்டுவதில்தான் தொடங்கும். வாசிக்க வாசிக்க எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

கடைசி யுத்தம் முடிந்தபோது, பெயர் பதிய வேண்டும் என்று ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். திரும்பி வரவில்லை. மனைவி ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. போகாத முகாம் இல்லை, காட்டாத இடமில்லை அவருடைய படத்தை. காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரப் பந்தலில் போராடிய தாய்மாரோடும் இருந்தவா. இப்போது முழங்கால் விடுவதில்லை.

புத்தகத்தை ஏற்ற அவாவின் சம்மதம் வேண்டும். ஸ்கூட்டியில் துணுக்காய்க்குப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு, எழுத்துப் பிழைகளை என்ன செய்வீர்கள் என்றுதான் முதலில் கேட்டா. ஒன்றைக்கூடத் தொடமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ரீச்சரின் முகம் விழுந்துவிட்டது.

அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தாவாம். மனிதர் குசினிக்குள் அடுப்பருகில் இருந்துகொண்டு, அவ்வளவு திருத்தத்தையும் ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு, "எங்கம்மா பேசுனது பெழையா?" என்று கேட்டாராம். பிறகு நாட்கணக்காக முகம் பார்க்கவில்லையாம். தானே சமைத்து, தானே சாப்பிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்தாராம். அதைச் சொல்லும்போது ரீச்சர் சிரித்தா. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னா:

"பிள்ளை, எல்லாத்தையும் திருத்திவிடுங்கோ. ஒண்டும் மிச்சம் விடாதேங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் இல்லாத நேரம் பார்த்து பழைய சண்டையில் வெல்லப் பார்க்கிறா என்றுதான் நினைத்தேன். அவர் கண்டால் கொதிக்கமாட்டாரா ரீச்சர் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"ஓம், கொதிப்பார். அதுக்குத்தான் சொல்லுறன். எங்கை இருந்தாலும் ஆரேன் போனிலை காட்டுவினம். எனக்காக வராட்டிலும் இதுக்காக வருவார். வந்து என்னோடை சண்டை பிடிக்கட்டும்."

அவா பைத்தியமில்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. தான் என்ன கேட்கிறேன் என்று நன்றாகத் தெரிந்துதான் கேட்டா. ஏதோ முனகிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினேன். மாங்குளம் வரும்வரை அழுதுகொண்டே ஸ்கூட்டி ஓடினேன்.

கடைசிப் பக்கம்வரை அவர் எழுதியபடியே விட்டேன். அவருடைய தாயின் பேச்சை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அனுப்புகிற அன்று திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போய், முதல் வரியில் இருந்த 'கெணறு' என்பதைக் 'கிணறு' ஆக்கினேன். அந்த ஒரு சொல் மட்டும். ரீச்சருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ஒண்டு காணுமோ, பிள்ளை? போதுமோ?"

"அவருக்குக் காணும், ரீச்சர்."

நூலகத்தின் பக்கத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் கீழும், பிழை கண்டால் எழுதுங்கள் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் எழுதுவது என் போனுக்குத்தான் வரும். போன் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு ஓடுகிறேன். என்னை விட்டு வைக்காமல் ஏசி, யாரைக் கேட்டுக் கைவைத்தாய் என்று ஒரு கிழவர் எழுதியிருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மற்றப் புத்தகங்களுக்குத்தான் ஏச்சு வருகிறது.

ரீச்சர் இடையிடையே எடுப்பா. சுகம் விசாரிப்பா, மழை பெய்ததா என்று கேட்பா. வைக்குமுன், "ஆரும் ஏசினவையோ?" என்பா.

இன்னும் இல்லை ரீச்சர் என்பேன். அந்தச் சொல்லைப் பிழை என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை.